தென்மேற்குக் கான்சஸின் சிறு பள்ளி மாவட்டங்கள்: பிள்ளைகள் யார், பணம் எப்படி வருகிறது?

சமவெளிவாசி எழுதியது:

இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று பல வாரங்களாக எண்ணியிருந்தேன். என் கணவர் மருத்துவர். மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரொன்றில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினால், பயிற்சி முடிந்ததும் தாயகம் திரும்பியே ஆக வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்பதால் தென்மேற்குக் கான்சஸுக்கு வந்தோம். அந்த மூன்று ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. ஊர் பிடித்துப்போனதால் இங்கேயே இருந்துவிட்டோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் இவ்வூர் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதப்போவதில்லை. இவ்வளவு சிறிய ஊரில் பெயரைச் சொன்னால், நான் குறிப்பிடும் குடும்பங்களை எவரும் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பள்ளி மாவட்டம் என்று இங்கே சொல்வது, ஆட்சியரின் கீழ் இயங்கும் மாவட்டத்தை அன்று. அது பள்ளிக்கென்றே அமைந்த ஒரு தனி உள்ளாட்சி. ஏழு பேர் கொண்ட வாரியத்தை ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. கான்சஸில் 105 கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகள்) 280க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களும் இருக்கின்றன. 1963ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏராளமான குட்டி மாவட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பிறகு எஞ்சியவை இவை. பெரும்பாலானவை கிராமப்புறத்தில் இருப்பவை, சிறியவை.

எங்கள் பள்ளியின் தாழ்வாரத்தில் பழைய பட்டமளிப்பு வகுப்புகளின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. 1970களின் படங்களில் கோதுமை விவசாயிகளின் வெள்ளையினப் பிள்ளைகளே பெரும்பாலும் இருக்கிறார்கள். 1990களில் முகங்கள் கலக்கத் தொடங்குகின்றன. கடந்த சில ஆண்டுகளின் படங்களில் ஸ்பானிய மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதிக்கும் மேல். இந்த மாற்றத்துக்கு அடிப்படையான நிகழ்வு 1980 டிசம்பரில் நடந்தது. அப்போதுதான் ஃபின்னி கவுண்டியின் ஹால்கம் அருகே ஐபிபி நிறுவனத்தின் மாபெரும் மாட்டிறைச்சி ஆலை திறக்கப்பட்டது. முதலில் வியட்நாம் அகதிகள் வேலைக்கு வந்தார்கள்; பிறகு மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தார்கள்; பின்னாளில் சோமாலியரும் பர்மியரும் வந்தார்கள். ஆலைகள் உள்ள கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி, லிபரல் ஆகிய ஊர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆலை இல்லாமல், மாட்டுத் தீவனப் பட்டிகளையும் பால் பண்ணைகளையும் நம்பி வாழும் சுற்றுப்புறச் சிற்றூர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. எங்கள் ஊர் அப்படிப்பட்டது.

இனவாரிப் பட்டியல் ஒன்றை மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஊரைப் புரிந்துகொள்ள முயன்றால் ஏமாந்துவிடுவோம். இங்கே மெக்சிகோவிலிருந்து வந்த மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடும்பங்கள் பல உள்ளன. அவர்கள் வீட்டில் பேசுவது தாழ்ஜெர்மன் என்ற ஜெர்மானிய மொழி. பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாமலே பள்ளிக்கு வருகிறார்கள். பல குடும்பங்களில் வருமானமும் குறைவு. பட்டியலில் அவர்கள் 'வெள்ளையர்' என்ற கட்டத்தில் அடங்கிவிடுகிறார்கள். ஆக, ஆங்கிலம் கற்பிக்கக் கூடுதல் ஆசிரியர் தேவைப்படும் ஒரு கூட்டம், இனவாரிக் கணக்கில் கண்ணுக்கே தெரிவதில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். கான்சஸில் மாநில அரசு ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை தருகிறது. 2024-25இல் அது 5,378 டாலர். ஏழ்மையில் உள்ள பிள்ளைக்கு அதற்கு மேல் 48.4 விழுக்காடு கூடுதலாக வரும். அதாவது ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 2,600 டாலர். பாடத்தில் பின்தங்கக்கூடிய பிள்ளைகளுக்கென்று வரும் இந்தத் தொகையில்தான் எங்கள் பள்ளியின் வாசிப்பு ஆசிரியைக்கும் உதவியாளர் இருவருக்கும் சம்பளம் போகிறது. ஏழ்மையை எப்படி அளக்கிறார்கள் என்றால், இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளை எண்ணுகிறார்கள். குறைந்த விலை உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்தத் தகுதிக்கு ஒரு படிவம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதச் சேர்க்கை நாளில் நான் பள்ளி உணவுக்கூடத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, பெற்றோர் அதை நிரப்ப உதவுவது வழக்கம். குடும்பத்தினரின் பெயர், ஒவ்வொருவரின் வருமானம், அது வாரத்துக்கா மாதத்துக்கா என்ற விவரம் எல்லாம் எழுதிய பின், கடைசியில் கையெழுத்திடுபவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணின் (குடிமக்களுக்கும் சட்டப்படி வேலை செய்வோருக்கும் நடுவண் அரசு தரும் எண்) கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கிறது. எண் இல்லை என்றால் பக்கத்திலுள்ள சிறு கட்டத்தில் குறியிட்டால் போதும். சட்டப்படி அதனால் எந்தத் தடையும் இல்லை. ஆனால் சென்ற ஆகஸ்டில் ஓர் இளம் தாய் அந்த வரி வரை வந்து பேனாவை நிறுத்திவிட்டார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகனின் மதிய உணவுக்கு முழு விலையையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது. வற்புறுத்த மனம் வரவில்லை. அந்தப் பையன் இலவச உணவையும் இழந்தான், பள்ளி 2,600 டாலரையும் இழந்தது. இத்தகைய பத்துத் தாள்கள் மடிக்கப்பட்டால், எங்களைப் போன்ற பள்ளியில் ஓர் உதவியாளரின் வேலை போய்விடும்.

பிள்ளைகள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எண்ணும் முறையும், அவர்களுக்காக வாக்களிப்போரும் அதே வேகத்தில் மாறவில்லை. இதில் அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரிசல்மண் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கான்சஸின் கிழக்கோரத்தில், கான்சஸ் சிட்டியின் புறநகரான ஓவர்லாண்ட் பார்க்கில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆயினும் ஜான்சன் கவுண்டியில் வரி கட்டுபவன் என்ற முறையில் எனக்குள்ள ஐயத்தை மறைக்காமல் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டின் சொத்து வரியில் மாநிலம் முழுமைக்குமான 20 மில் பள்ளி வரி இருக்கிறது. அது எங்கள் பள்ளிக்கு நேராகப் போவதில்லை; மாநிலத்தின் பொதுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து பங்கிடப்படுகிறது. 100 மாணவர்களுக்கும் குறைவான மாவட்டங்கள்கூட இருக்கின்றன என்றும், அவற்றில் ஒரு மாணவருக்கு நகர்ப்புற மாணவரைப் போல இரண்டு மடங்கு தருகிறார்கள் என்றும் அறிகிறேன். இங்கே எங்கள் பள்ளிகளிலும் வகுப்புக்கு வகுப்பு நெருக்கடி உள்ளது. சிறிய மாவட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளர், ஓர் அலுவலகம், ஒரு கணக்கர் என்று செலவிடுவதற்குப் பதிலாக, ஒரு கவுண்டிக்கு ஒரு மாவட்டம் என்று இணைத்துவிட்டால், மிச்சமாகும் பணம் அந்த வாசிப்பு ஆசிரியைக்கே போகலாமே? இதை எதிர்ப்பவர்கள் பிள்ளைகளின் நலனைக் கருதுகிறார்களா, அல்லது ஊர்ப் பெயர் பொறித்த கால்பந்துச் சட்டையை விட மனமில்லாமல் எதிர்க்கிறார்களா என்பது எனக்கு விளங்கவில்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பேரேடு எழுதியது:

நான் பள்ளி மாவட்டங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். மேற்குக் கான்சஸ் மாவட்டங்கள் பலவற்றுக்கு நேரில் போயிருக்கிறேன். நண்பர் கரிசல்மண் கேட்ட கேள்வி நியாயமானது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 20 மில். ஒரு மில் என்பது மதிப்பிட்ட தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக்கு அதன் சந்தை விலையில் 11.5 விழுக்காடுதான் மதிப்பீடாக எடுத்துக்கொள்ளப்படும். 2024இல் வந்த சட்டத்தின்படி இந்தப் பள்ளி வரிக்கு முதல் 75,000 டாலருக்கு விலக்கும் உண்டு. ஆகவே 2,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 287 டாலர் 50 சென்ட் வரும். பள்ளிகளின் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவது இந்த வரி அன்று, மாநிலத்தின் வருமான வரியும் விற்பனை வரியும்தான். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைக் கடுமையாகக் குறைத்தபோது கிராமப் பள்ளியும் நகரப் பள்ளியும் சேர்ந்தே அடிபட்டன என்பதை நினைவூட்டுகிறேன். அந்த வரிக்குறைப்பைச் சட்டமன்றம் 2017இல் அவருடைய தடையையும் மீறி நீக்கியது.

அடுத்தது சிறிய மாவட்டங்களுக்கான கூடுதல் எடை, அதாவது ஒரு மாணவரை ஒன்றுக்கு மேலாக எண்ணிப் பணம் தரும் முறை. 1,622 மாணவர்களுக்குக் குறைந்த மாவட்டங்களுக்கு எண்ணிக்கை குறையக் குறைய எடை ஏறும். 100 பேருக்கும் கீழே போனால் ஒரு தலை ஏறக்குறைய இரண்டு தலையாகும் என்பது சரி. காரணம் எளிது. பதினொரு பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும், இருபத்திரண்டு பேர் இருக்கும் வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்தான். இயற்பியல் நடத்துபவரை அரை ஆளாக நியமிக்க முடியாது.

இணைப்பு பற்றிச் சொல்கிறேன். கண்காணிப்பாளரின் சம்பளம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் நான் பார்த்த பல சிறிய மாவட்டங்களில் கண்காணிப்பாளரே தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ஓட்டுநர் வராத நாளில் பேருந்தையும் அவரே ஓட்டுகிறார். மிச்சமாகும் தொகை சிறிது. கூடும் தொலைவு பெரிது. மேற்கில் பல கவுண்டிகளில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முப்பது மைலுக்குக் குறையாது. ஆறு வயதுப் பிள்ளை விடியுமுன் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் இறங்குவதை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? அருகருகே, பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில், இரண்டு ஊர்கள் இருந்தால் இணைப்பு பலன் தரும். அத்தகைய இடங்களில் நானே பரிந்துரைத்திருக்கிறேன். எல்லா இடத்துக்கும் அதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பழைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை மறந்துவிட்டுத்தான் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. தென்மேற்குக் கான்சஸ் எப்போதுமே கைநீட்டி வாங்கும் பகுதியாக இருந்ததில்லை. நிலத்துக்கு அடியில் ஹியூகட்டன் எரிவாயு வயல் இருந்தது. வாயுக் கிணறுகளின் மதிப்பு மலைபோல் இருந்ததால், அங்கிருந்த சிறு மாவட்டங்கள் சில மில்களை மட்டும் விதித்து, நீச்சல் குளம் வரை கட்டிக்கொள்ள முடிந்தது. அதே காலத்தில் மாநிலத்தின் வேறு மூலைகளில் மிக அதிக மில் விதித்தும் பள்ளியை நடத்தப் போதவில்லை. 1991இல் நீதிபதி டெரி புல்லக், பள்ளிப் பணம் மாநிலம் முழுவதுமுள்ள பிள்ளைகளுக்கு உரியது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். 1992இல் சட்டமன்றம் எல்லா ஊர்களுக்கும் ஒரே வீதமாக 32 மில் விதித்து, ஒரே அடிப்படைத் தொகையாக 3,600 டாலரை நிர்ணயித்தது.

தென்மேற்குக் கவுண்டிகள் கொதித்தெழுந்தன. மாநிலத்திலிருந்தே பிரிந்துபோக வேண்டும் என்று அந்த ஆண்டு பல கவுண்டிகளில் மாதிரி வாக்கெடுப்பு நடந்தது. பிரிவினைக்கே ஆதரவு கிடைத்தது. யுலிசஸ் நகரில் மாநாடும் கூட்டினார்கள். நண்பருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றவற்றுள் உங்கள் பக்கத்து மாவட்டமான புளூ வேலியும் உண்டு. 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எரிவாயு வயலும் புறநகரும் அன்று ஒரே பக்கம் நின்றன. பிறகு வாயுவின் அழுத்தம் குறைந்தது, கிணறுகளின் மதிப்பு சரிந்தது. எந்தச் சட்டத்துக்காகப் பிரிந்துபோவோம் என்றார்களோ, அந்தச் சட்டத்தின் வாரிசான முறைதான் இன்று அவர்களுடைய பள்ளிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே பல முதியவர்கள் இதை என்னிடம் நேராகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓகலாலா நிலத்தடி நீரும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பாசன நிலத்தின் மதிப்பு நாளை என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருமொழி எழுதியது:

சமவெளிவாசி அக்கா, உங்கள் படிவக் கதையைப் படித்ததும் என் வகுப்பறைக்குள் நீங்கள் எட்டிப் பார்த்தது போல இருந்தது. நான் மேற்குக் கான்சஸில் வேறொரு மாவட்டத்தில், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

எண்ணிக்கை நாள் செப்டம்பர் 20. அன்றைக்குப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் பணம் கணக்கிடப்படுகிறது. அன்று காலை எங்கள் அலுவலகச் செயலாளர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தாமே தொலைபேசியில் அழைக்கிறார். காய்ச்சல் என்றால் நலம் விசாரிக்கிறார். வண்டி பழுது என்றால் பேருந்தைத் திருப்பி அனுப்புகிறார். அவருடைய குரலில் அன்று இருக்கும் பதற்றம் ஆண்டின் வேறெந்த நாளிலும் இருப்பதில்லை. ஆனால் பால் பண்ணை வேலைக்கு வரும் குடும்பங்கள் செப்டம்பரைப் பார்த்து வருவதில்லை. சென்ற ஆண்டு என் வகுப்புக்கு அக்டோபருக்குப் பிறகு வந்தவர்கள் நால்வர். அவர்களுக்கான நாற்காலியும் புத்தகமும் என் நேரமும் உண்மை. கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை. இராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பிப்ரவரி 20இல் இரண்டாம் எண்ணிக்கை என்று ஓர் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. இடம்பெயரும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதைச் செய்ய முடியாதா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மொழிக்கான கூடுதல் எடை தனி. தலைக்கணக்கில் பார்த்தால் அடிப்படைத் தொகையில் 18.5 விழுக்காடு, அதாவது 2024-25இல் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. என்னிடம் வரும் குவாத்தமாலாப் பிள்ளைகள் சிலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி. வீட்டில் கிச்சே என்ற மாயா மொழி பேசுகிறார்கள். பள்ளியில் உள்ள மொழிபெயர்ப்பாளர் ஸ்பானியம் மட்டும் அறிந்தவர். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் தாய்க்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, தன்னுடைய மதிப்பெண் குறைந்ததைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொன்னாள் என்பது தாயின் முகத்தில் தெரிந்தது.

சிறப்புக் கல்வியின் நிலை இன்னும் கடினம். கூடுதல் செலவில் 92 விழுக்காட்டை மாநிலம் ஏற்க வேண்டும் என்று கான்சஸ் சட்டமே சொல்கிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அது நிறைவேறவில்லை. நடுவண் அரசு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் 40 விழுக்காடு வரை தருவதாகச் சொன்னதும் ஒருபோதும் நடந்ததில்லை. பற்றாக்குறையை மாவட்டம் தன் பொது நிதியிலிருந்து எடுத்து அடைக்கிறது. அதாவது என் வகுப்பிலிருந்தும் எடுக்கிறது.

கரிசல்மண் எழுதியது:

பேரேடு ஐயாவுக்கு நன்றி. புளூ வேலி வழக்குத் தொடுத்த செய்தி எனக்குத் தெரியாது. 287 டாலர் என்ற கணக்கும் நான் எண்ணியிருந்ததைவிடக் குறைவு. இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஏழ்மையை மதிய உணவுப் படிவத்தால் அளப்பது சரியான அளவுகோலா? தகுதியில்லாதவர்களும் நிரப்பிவிடுகிறார்கள் என்று சட்டமன்றத்தில் பேசுகிறார்களே.

பேரேடு எழுதியது:

சரியான அளவுகோல் அன்று. ஆனால் அது தவறுவது நண்பர் கேட்ட திசையில் மட்டும் அன்று. ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2024-25இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இலவச உணவின் வருமான எல்லை 40,560 டாலர். ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் குடும்பம், மணிக்கு 20 டாலர் ஊதியம், வாரம் 40 மணி, ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 41,600 டாலர் ஆகிறது. எல்லையை 1,040 டாலரால் தாண்டிவிட்டார்கள். அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளும் மாநிலக் கணக்கில் ஏழைகள் அல்லர். ஊதியம் ஐம்பது சென்ட் குறைவாக இருந்து, மணிக்கு 19 டாலர் 50 சென்ட் என்றால் 40,560; சரியாக எல்லைக்கோட்டின் மேல் நிற்பார்கள், தகுதி உண்டு. ஐம்பது சென்ட் ஊதிய உயர்வு ஒன்று, பள்ளிக்கு 5,200 டாலரை இல்லாமல் செய்துவிடுகிறது. பிள்ளைகளின் வாசிப்புத் திறன் அந்த ஐம்பது சென்ட்டால் உயர்ந்துவிடவில்லை.

உணவுக்கூப்பன் பெறும் குடும்பங்களின் பிள்ளைகள் படிவமின்றியே தகுதி பெறுகிறார்கள். மாநிலத்தின் பதிவேடுகள் நேராக ஒப்பிடப்படுகின்றன. ஆவணமற்ற பெற்றோர் அந்தக் கூப்பனுக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதால், நேரடிப் பதிவிலும் அவர்கள் பிள்ளைகள் விடுபடுகிறார்கள், படிவத்திலும் விடுபடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நடுவண் அரசு தரும் முதலாம் தலைப்பு நிதி வேறு வழியில், மக்கள்தொகைக் கணக்கீட்டுத் துறையின் மதிப்பீட்டைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. அது பெரிய நகரங்களுக்குப் பொருந்தும். சில நூறு பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் மதிப்பீடு என்பது ஆண்டுக்கு ஆண்டு காற்றில் ஆடும் கொடி போன்றது. ஊரில் எதுவும் மாறாமலே தொகை ஏறி இறங்குவதைக் கணக்கேடுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

சமவெளிவாசி எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. தம்பி கரிசல்மண் கேட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நேராகக் கேட்டதனால்தான் இவ்வளவு விவரம் வந்தது.

பணத்தைப் பற்றி ஐயா எழுதிவிட்டார். வாக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். மாநிலப் பணத்துக்கு மேல், உள்ளூரில் 30 முதல் 33 விழுக்காடு வரை கூடுதலாகத் திரட்டிக்கொள்ள மாவட்டத்துக்கு வழி உண்டு. கட்டடம் கட்டவும் பெரிய பழுது பார்க்கவும் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு ஊர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். எங்கள் தொடக்கப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது. மழை பெய்யும் நாளில் நூலகத்தின் மூன்றாம் அலமாரிக்கு மேல் நெகிழித் தாளை விரித்துக் கட்டுவார்கள்; தாளின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கும். கூரைக்கான கடன் பத்திரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது.

எதிர்த்து வாக்களித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு முதியவர் என்னிடம் காரணம் சொன்னார். அவருடைய நிலத்தில் கிணற்று நீர் குறைந்துவிட்டது, வரி மட்டும் குறையவில்லை. பேரப்பிள்ளைகள் டென்வரில் படிக்கிறார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மறுபக்கம், அந்தக் கூரையின் கீழ் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த நாட்டில் பிறந்த குடிமக்கள், ஆனால் வாக்களிக்கும் வயது வராதவர்கள். அவர்களுடைய பெற்றோரில் பலருக்கு வாக்குரிமை இல்லை. வாடகை வீட்டிலும் நடமாடும் வீட்டிலும் இருந்தாலும், வாடகையின் வழியாக அவர்களும் அந்த வரியைத்தான் கட்டுகிறார்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் வாக்கு இல்லை, வாக்கு இருக்கும் வீட்டில் பிள்ளை இல்லை. எங்கள் ஊரின் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இங்கே வாக்கு இல்லை. பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

தங்கை இருமொழி கேட்ட இரண்டாம் எண்ணிக்கையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதற்குச் சட்டம் மாற வேண்டும், ஆண்டுகள் ஆகும். அதுவரை எங்களால் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். மாவட்டத்திலிருந்து வரும் சேர்க்கைக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டுமே வந்துகொண்டிருந்தது. இவ்வாண்டு ஸ்பானியத்தில் எழுதித் தர ஒரு மாதா கோயில் சகோதரியும், தாழ்ஜெர்மன் பேசுவோருக்கு வாயால் விளக்க ஒரு மென்னோனைட் பாட்டியும் முன்வந்தார்கள். எந்த அரசுப் பள்ளியும் குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க முடியாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சஸ் வழக்கில் அளித்த தீர்ப்பை, இரண்டு வரிகளில் அக்கடிதத்தின் தலைப்பிலேயே அச்சிட்டோம். மேசையையும் பள்ளி உணவுக்கூடத்திலிருந்து எடுத்து, ஊர்த் துணி துவைக்கும் கடைக்கு மாற்றினோம். துணி காயும் நாற்பது நிமிடமும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் தாய் இவ்வாண்டு அங்கே வந்தார். மடித்த தாள் அல்ல, புதிய தாள். கடைசி வரியில் மென்னோனைட் பாட்டி தம் விரலால் அந்தச் சிறு கட்டத்தைச் சுட்டிக்காட்டினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது மெக்சிகோவின் ஸ்பானியம். அவர் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூரைக்கான கடன் பத்திரம் மீண்டும் வாரியத்தின் நிகழ்ச்சி நிரலில் வந்திருக்கிறது. கூட்டம் வரும் திங்கட்கிழமை மாலை, அதே நூலகத்தில் நடக்கிறது. எங்கள் தெரு முதியவரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொன்னார். கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு எழுதுகிறேன்.